அக்காவின் அலுமாரியில் கிடந்த பக்கெட்டுகள்

போன செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்காவோடு ஒரு சண்டை வந்தது. பெரிய சண்டைதான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் இஸ்தோப்புக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. ஆரம்பித்தது நான். பிழையும் என்னுடையதுதான் என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அக்கா மகளுக்கு அப்போது 22 மாதம். அந்த வாரம் கிளினிக்கில் அளந்தபோது 77 சென்றிமீற்றர். மிட்வைஃப் மிஸ், ரோஸ் நிறக் கார்டில் புள்ளி வைத்துவிட்டு, "உயரம் காணாது, தூள் ஒழுங்கா குடுக்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் நான் அலுமாரியில் போர்வை தேடும்போது, துணிகளுக்குப் பின்னால் அந்தத் தூள் பெட்டி கிடைத்தது. 18 மாதத்தில் கொடுத்த 60 சின்ன பக்கெட்டில் 41 அப்படியே இருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "இலவசமா குடுக்குறத கூட குடுக்க முடியலையா உனக்கு? புள்ள குள்ளமா போனதுக்கு நீதான் காரணம்" என்று கத்திவிட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. கொழுந்துக் கூடையை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு இரவு அம்மாதான் சமாதானம் மாதிரி ஒன்று சொன்னார். "விடு பாப்பா. நம்ம ஆளுங்க குள்ளந்தானே. நான் என்ன ஒசரமா, நீ என்ன ஒசரமா?"

உண்மைதான். நான் 146 சென்றிமீற்றர். கேம்பஸில் எந்த குரூப் ஃபோட்டோ எடுத்தாலும் கேட்காமலே முன்வரிசையில் போய் நின்றுகொள்வேன். அக்கா 144. அம்மா 142. அது பரம்பரை என்றுதான் நானும் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பரம்பரை என்று நம்பிக்கொண்டு இன்னொரு பக்கம் அக்காவைக் குற்றம் சொல்வது எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்வியோடு கேம்பஸுக்குத் திரும்பி வந்தேன். நான் படிப்பது புவியியல், வைத்தியம் இல்லை. ஆனால் லைப்ரரியில் உட்கார்ந்து வாசிக்கத் தெரியும்தானே. வாசித்தேன்.

முதலில் அந்த "நம்ம ஆளுங்க குள்ளம்" கதை. கிளினிக் கார்டில் இருக்கிற கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. அவற்றை வரைவதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தமான சூழல், புகைபிடிக்காத தாய் என்று எல்லா வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தபோது டெல்லிப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் முதல் ஐந்து வயதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகு ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரலாம். ஆனால் ஒரு கூட்டத்துப் பிள்ளைகள் மொத்தமாக இரண்டு வயதிலேயே கட்டையாக இருந்தால், அதற்குக் காரணம் இனம் இல்லை.

22 மாதப் பெண் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் நடுத்தர உயரம் ஏறக்குறைய 84 அல்லது 85 சென்றிமீற்றர். 78ஐ ஒட்டி ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. எங்கள் பாப்பா அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே.

கீழே இருப்பது அவள் மட்டும் இல்லை. 2016இல் எடுத்த குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். தோட்டத் துறையில் மட்டும் எடுத்தால் 31.7 வீதம். நுவரெலியா மாவட்டத்தில் 32.4 வீதம். மூன்று பிள்ளைகளில் ஒன்று. எங்கள் லயத்தில் கதவுக்குக் கதவு எண்ணிப் பார்த்தாலே விளங்கும்.

அதே ஆய்வு அதற்குப் பத்து வருடம் முன்னர், 2006/07இல் நடந்தபோது தோட்டத் துறையின் கணக்கு 40.2 வீதம். பத்து வருடத்தில் எட்டு வீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. பரம்பரை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். "அப்ப நாங்க குள்ளமா பொறக்கல, குள்ளமா ஆக்குனாங்கன்னு சொல்ற" என்றார். எனக்குச் சொல்ல வராத வசனம் அது.

அடுத்தது அந்தத் தூள்.

பக்கெட்டுக்குள் இருப்பது நுண்போசணைத் தூள். இரும்பு, நாகம், விட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம் என்று பல சத்துகளைக் கலந்தது. இங்கே 6, 12, 18 மாதங்களில் ஒவ்வொரு தடவையும் 60 பக்கெட் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, பிள்ளையின் சாப்பாட்டில் தூவிக் கொடுக்க வேண்டும். இந்த யோசனை கனடாவில், டொரொண்டோ சிறுவர் வைத்தியசாலையின் ஸ்டான்லி ஸ்லொட்கின் என்ற வைத்தியர் 1990களில் கொண்டுவந்தது. இரும்புச்சத்துப் பாணி மருந்து பிள்ளைக்குக் கசக்கிறது, பல்லில் கறை பிடிக்கிறது. அதனால் இரும்பைச் சின்னச் சின்னத் துகளாக்கி, ஒவ்வொரு துகளையும் மெல்லிய கொழுப்புப் பூச்சுக்குள் மறைத்தார். அப்போது சாப்பாட்டின் ருசி மாறாது.

ஆனால் சாப்பாடு கொதிக்கக் கொதிக்க இருந்தால் அந்தக் கொழுப்பு உருகிவிடும். இரும்பு வெளியே வரும், சாப்பாடு கறுக்கும், இரும்பு வாடை அடிக்கும். அதனால்தான் ஆறவைத்த பிறகு, ஒரு கைப்பிடியில் மட்டும் தூவி, அரை மணித்தியாலத்துக்குள் ஊட்டிவிட வேண்டும் என்கிறார்கள்.

இதை வாசித்த அன்றே அக்காவுக்குப் போன் எடுத்தேன். சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

"தூளை எப்படிக் கலந்த?"

"சுடுகஞ்சியிலதான். வேலைக்கு ஓடுற அவசரத்துல ஆற வைக்க எங்க நேரம்? கருப்பா போயிருச்சி. வாயில வச்சதும் துப்பிப்புட்டா. கெட்டுப்போன தூளுன்னு நெனச்சி வச்சிட்டேன்."

"மிஸ்கிட்ட கேக்கலையா?"

"மிஸ் நல்லவங்கதான். தமிழ் அரைகுறை, என் சிங்களமும் அரைகுறை. பின்னால முப்பது பேரு நிக்குறாங்க. என்னாத்த கேக்குறது?"

நான் போனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 41 பக்கெட் மிஞ்சியதற்குக் காரணம் சோம்பல் இல்லை. யாரும் விளங்கப்படுத்தாத ஒரு வரி.

சரி, 60 பக்கெட்டையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பாப்பா உயர்ந்திருப்பாளா? இல்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2020இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு, 33,000க்கும் அதிகமான குழந்தைகளை உள்ளடக்கிய 29 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இந்தத் தூள் குருதிச்சோகையை 18 வீதமும் இரும்புக் குறைபாட்டை 53 வீதமும் குறைக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் வளர்ச்சியில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. தூள் இரத்தத்துக்கு உதவும். உயரத்துக்கு அது மட்டும் போதாது.

காரணம் யோசித்தால் விளங்கும். ஒரு பக்கெட்டில் இருப்பது ஒரு கிராம் அளவுத் தூள். அதில் சொல்லும்படியான அளவு மாப்பொருள் இல்லை, கொழுப்பு இல்லை, புரதம் இல்லை. எலும்பு நீள்வதற்கு அதெல்லாம் வேண்டும். சீமெந்து வாங்கிக் கொடுத்துவிட்டு கல்லும் மணலும் இல்லாமல் வீடு கட்டச் சொன்ன கதைதான். நிலக்கடலை, எண்ணெய், பால்மா ஆகியவற்றோடு இதே சத்துகளைச் சேர்த்துக் களி மாதிரிச் செய்து, தினம் நான்கு தேக்கரண்டி அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். அதில் வளர்ச்சி குன்றுவது 12 வீதம் குறைந்தது. அதாவது குன்றியிருக்கக்கூடிய நூறு பிள்ளைகளில் 12 பேர் தப்பினார்கள். மிச்சம் 88 பேர்?

சாப்பாடு இல்லையென்றால் சுத்தம் காரணமாக இருக்குமோ என்றும் பார்த்திருக்கிறார்கள். அசுத்தமான சூழலில் தவழ்ந்து வளரும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வராவிட்டாலும், குடலின் உட்சுவர் தொடர்ந்து அழற்சியில் இருக்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. அதனால் பங்களாதேஷ், கென்யா, சிம்பாப்வே கிராமங்களில் மலசலகூடம், கைகழுவும் வசதி, குடிநீருக்குக் குளோரின் என்று கொடுத்துப் பெரிய ஆய்வுகள் செய்தார்கள். 2018, 2019இல் முடிவுகள் வந்தன. அவற்றால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. சுத்தம் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு வாளியும் ஒரு சவர்க்காரமும் போதாது, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வருகிற அளவுக்கு வாழ்க்கை மாற வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் பலர் வந்து சேர்ந்த இடம்.

இதையெல்லாம் வாசித்த பிறகு அக்காவின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன்.

காலை நாலரைக்கு எழும்புவாள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. விறகடுப்புப் புகை அந்த அறைக்குள்ளேயே சுற்றும், பிள்ளை அதற்குள்ளேதான் தூங்கும். தண்ணீர் பீலியில் பிடித்து வர வேண்டும். ரொட்டி தட்டி, ஒரு சம்பல் அரைத்து, பிள்ளையைப் புள்ள மடுவத்தில் விட்டுவிட்டு ஏழரைக்கு மலைக்குப் போக வேண்டும். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். 2021இல் ஆயிரம் ரூபா ஆக்கினார்கள், 2024இல் 1350 என்று வர்த்தமானி வந்தது. ஆனால் மழைக்காலத்திலும் கொழுந்து இல்லாத மாதத்திலும் எத்தனை பேர் விழும் என்பதுதான் உண்மையான சம்பளம்.

பிள்ளை பிறந்தபோது கிடைத்த மகப்பேற்று லீவு 12 வாரம். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. ஆறு மாதம் என்றால் 26 வாரம். பத்தாவது வாரத்திலிருந்து 26வது வாரம் வரை என்ன செய்வது என்று அந்தப் படத்தில் இல்லை. இடையில் போய்ப் பாலூட்ட நேரம் சட்டத்தில் உண்டு. ஆனால் கொழுந்து எடுக்கும் மலை மேலே, மடுவம் கீழே. இறங்கி ஏறினால் எடுத்த கிலோ குறைந்துபோகும்.

கிளினிக் போகும் நாளும் ஒரு பேர் போகும் நாள்தான்.

இன்னொன்று இருக்கிறது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாங்கள் உலகத்துக்கே தேயிலை அனுப்புகிறவர்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பால் இல்லாத நேரத்தில் கொடுப்பது சாயத்தண்ணி. ரொட்டியை அதில் தொட்டு ஊட்டுவார்கள். பசி அடங்கும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். தேயிலையில் உள்ள தனின், தானியத்திலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். ஒரு கையால் இரும்புத் தூள், மறு கையால் அதைத் தடுக்கும் சாயம். பாப்பாவுக்கு இரண்டும் ஒரே கோப்பையில் போயிருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன், "அம்மா நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?"

"74. பஞ்சத்துல பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும். மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாத காலம். கண்ட கீரையையும் கெழங்கையும் அவிச்சி தின்னாங்களாம்."

1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் மேலே போனது. இலங்கையில் திரிபோஷா ஆரம்பித்ததும் அதே 1973இல்தான். சோளமும் சோயாவும் கலந்து, விட்டமின் சேர்த்த மா. சின்ன வயதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துத் தின்றது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நன்றாக இருக்கிறது. அது தம்பிக்காகக் கொடுத்த பக்கெட் என்பதும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வந்ததை வீட்டில் ஐந்து பேர் பங்கு போட்டோம். பசியுள்ள வீட்டில் ஒரு பிள்ளையின் பக்கெட்டை அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்க எந்தத் தாயால் முடியும்?

ஆக, அம்மா பஞ்சத்தில் வயிற்றுக்குள் இருந்தவர். 142 சென்றிமீற்றராக வளர்ந்தார். அக்கா 144. கர்ப்பிணி கிளினிக்கில் 145க்குக் குறைந்த தாயை ஆபத்து என்று குறித்து வைப்பார்கள். அக்காவுக்கும் குறித்தார்கள். உயரம் குறைந்த, இரத்தம் குறைந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் சாத்தியம் கூட. பாப்பா பிறந்தபோது 2.3 கிலோ. 2.5 இருக்க வேண்டும். அவள் கர்ப்பமானது 2023இல். அதற்கு முந்தின வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முட்டை ஐம்பது ரூபாவைத் தாண்டிய காலம். மூன்று தலைமுறையில் இரண்டு பஞ்சம்.

அந்த 77 சென்றிமீற்றருக்குள் இவ்வளவும் இருக்கிறது. லயத்துப் புகை, பீலித் தண்ணீர், அரைப் பேர், 12 வார லீவு, 1974, 2022. நான் இதையெல்லாம் விட்டுவிட்டு 41 பக்கெட்டை எண்ணினேன்.

இதைச் சொல்வதால் தூள் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டாயம் கொடுக்க வேண்டும். இரும்புக் குறைபாடு சின்ன விஷயம் இல்லை. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், விளையாடாது, மூளை வளரும் காலத்தில் அது பெரிய நட்டம். மிட்வைஃப்மார் மழையிலும் மலை ஏறி வந்து அதைக் கொடுப்பது சும்மா இல்லை. என் கவலை வேறு. தூளைக் கொடுத்தாகிவிட்டது, இனி பிள்ளை வளராவிட்டால் தாய்தான் பொறுப்பு என்று கணக்கை மூடுகிறோம். பக்கெட் கொடுப்பது லேசு. சம்பளம், வீடு, தண்ணீர், லீவு ஆகியவற்றில் கை வைப்பது கஷ்டம். லேசானதைக் கொடுத்துவிட்டு, கஷ்டமானவற்றின் பழியையும் சேர்த்து அக்கா மாதிரி ஒருத்தியின் தலையில் போட்டுவிடுகிறோம். அதிகாரிகள் மட்டும் இல்லை, கேம்பஸில் படிக்கிற தங்கச்சியும் அதைத்தான் செய்தாள்.

இந்த லீவில் மறுபடி போனேன். பெட்டியை வெளியே எடுத்து திகதி பார்த்தோம். இன்னும் காலாவதியாகவில்லை. மிஸ்ஸிடம் நானும் கூடப் போய்க் கேட்டேன். மிச்சத்தைத் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார். இப்போது அம்மாதான் கொடுக்கிறார். பருப்பும் உருளைக்கிழங்கும் மசித்த சோறு, நன்றாக ஆறவைத்து, முதல் இரண்டு வாயில் மட்டும் தூள். சாயத்தண்ணி சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி என்று சட்டம் போட்டேன். "தண்ணியே குடுத்துறலாம்" என்று அம்மாவே திருத்தினார். முடிந்த நாளில் ஒரு முட்டை. முடியாத நாளில் நெத்தலி.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்படி வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் ஒரு மாதிரி இருந்தது. விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப அந்தத் தூளு குடுத்தா ஒசர மாட்டாளா?"

"ஒசரத்துக்கு இல்லக்கா. ரத்தத்துக்கு."

"இத அன்னைக்கே ஒருத்தரும் சொல்லலையே. ஒசரலன்னு தானே நான் பாதியில நிப்பாட்டுனேன்."

கருப்பாகிப் போனது மட்டும் காரணம் இல்லை. முதல் இரண்டு பெட்டியையும் ஒரு நாள் விடாமல் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் கார்டைப் பார்த்து, புள்ளி மேலே ஏறாததைப் பார்த்துப் பார்த்துத்தான் மூன்றாவது பெட்டியில் நம்பிக்கை போயிருக்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் பாப்பாவுக்கு இரண்டு வயது முடிகிறது, திரும்ப அளப்பார்கள். கோட்டைத் தாண்டுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குக் கிளினிக்குக்கு நானும் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மிஸ் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அக்கா கேட்க நினைப்பதைச் சிங்களத்தில் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். பின்னால் முப்பது பேர் நின்றாலும் பரவாயில்லை. அவர்களுக்கும் அதே கேள்விகள்தான் இருக்கும்.